வலி இழை தண்டுவடத்தைச் சேரும் இடம்

விரலில் ஊசி குத்தியதை உணர்த்தும் நரம்பு தண்டுவடத்தில் எங்கே, எந்த நரம்பணுவோடு சேர்கிறது? இரண்டு மின்கம்பிகளை முறுக்கி இணைப்பதுபோல் அவை ஒட்டியிருக்கின்றனவா? அந்த இணைப்பை அறுத்துவிட்டால் வலி தீர்ந்துவிடுமா? இந்த மூன்று கேள்விகளும் ஒன்றாகக் கேட்கப்பட்டிருக்கின்றன. முதலிரண்டுக்கும் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம்: வலி இழைகள் தண்டுவடத்தின் பின்புறக் கொம்பு எனப்படும் சாம்பல் நிறப் பகுதியில், பெரும்பாலும் அதன் மேலடுக்குகளில் முடிகின்றன, அங்குள்ள நரம்பணுக்களோடு அவை ஒட்டிக்கொள்வதில்லை, மிக நுண்ணிய இடைவெளி விட்டு நின்று வேதிப்பொருள் மூலம் பேசுகின்றன. ஆனால் இதோடு நிறுத்தினால் அது வெறும் முகவரியாகிவிடும். அந்த இடைவெளியில் வலிச்செய்தி அப்படியே கைமாறுவதில்லை. அது கூட்டப்படுகிறது, குறைக்கப்படுகிறது, சில வேளைகளில் முற்றாக நிறுத்தப்படுகிறது. மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த இழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வலி உணரும் நரம்பணுவின் உடல் தோலிலும் இல்லை, தண்டுவடத்திலும் இல்லை. தண்டுவடத்தின் இருபுறமும் முதுகெலும்புகளுக்கு இடையே வெளியேறும் 31 இணை நரம்புகளின் பின்வேரில் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். பின்வேர் முடிச்சு என்பது அதுதான். நரம்பணுவின் உடல் அங்கே உட்கார்ந்திருக்க, அதிலிருந்து கிளம்பும் ஒற்றைக் காம்பு சற்றுத் தூரத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலுக்கோ தசைக்கோ குடலுக்கோ போகிறது. மற்றொன்று தண்டுவடத்துக்குள் நுழைகிறது. ஆகவே தோலில் தொடங்கி தண்டுவடத்தில் முடிகிற அந்த நெடும்பாதை முழுவதும் ஒரே உயிரணுதான். கால் பெருவிரலிலிருந்து வரும் இழை இடுப்புப் பகுதி முடிச்சைக் கடந்த பிறகும் மேல்நோக்கிச் சிறிது பயணம் செய்ய வேண்டும், ஏனெனில் பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல் தொங்குபவை வேர்கள் மட்டுமே.

இந்த இழைகள் இரண்டு வகை. ஏ-டெல்டா இழைகள் 1 முதல் 5 மைக்ரான் விட்டம் உள்ளவை. மயலின் எனும் மெல்லிய கொழுப்பு உறை போர்த்தியவை. வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டுவருபவை. சி இழைகளுக்கு அந்த உறை கிடையாது, விட்டமும் 1.5 மைக்ரானைத் தாண்டாது. வேகம் வினாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான், அதாவது மனிதர் நடக்கிற வேகம். காலை நாற்காலிக் காலில் இடித்துக்கொண்ட எவரும் இந்த வேறுபாட்டை அனுபவித்திருப்பார்கள். இடித்தவுடன் ‘சுரீர்’ என்று ஒரு வலி, இடம் துல்லியமாகத் தெரிகிற மாதிரி வரும். பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. ‘இப்போது வரப்போகிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, எரிச்சலும் குடைச்சலுமாக இரண்டாவது வலி பரவி வரும். ஒரு மீட்டர் தூரத்தை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் இழை சுமார் 70 மில்லிவினாடியில் கடந்துவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் இழைக்கு முழுதாக ஒரு வினாடி ஆகும். ஒரே அடிதான், இரண்டு தபால்காரர்கள் வெவ்வேறு நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

பின்வேர் தண்டுவடத்தைத் தொடும் இடத்தில் இழைகள் தாமாகவே பிரிந்துகொள்கின்றன. தொடுவுணர்வைக் கொண்டுவரும் பருத்த ஏ-பீட்டா இழைகள் நடுப்பக்கமாக நுழைந்து, ஒரு கிளையை நேரே மூளைத்தண்டு நோக்கி மேலே அனுப்பிவிட்டு, மற்றக் கிளைகளைப் பின்புறக் கொம்பின் ஆழமான அடுக்குகளுக்குள் இறக்குகின்றன. மெல்லிய வலி இழைகள் வெளிப்பக்கமாக ஒதுங்கி, லிஸ்ஸாவர் பாதை எனப்படும் சிறு கற்றைக்குள் சேர்ந்து, ஓரிரு தண்டுவடப் பிரிவுகள் மேலும் கீழும் ஓடிய பிறகே உள்ளே திரும்புகின்றன. இதனால் ஒரு வேரின் வழியே வந்த வலி, தான் நுழைந்த பிரிவில் மட்டுமின்றி அக்கம்பக்கப் பிரிவுகளிலும் கைமாறுகிறது. இந்தச் சிறு விவரத்தைப் பாடநூல் படங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

பின்புறக் கொம்புக்கு வருவோம். 1952-இல் சுவீடனைச் சேர்ந்த புரோர் ரெக்செட், பூனையின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதன் சாம்பல் நிறப் பகுதியைப் பத்துப் பகுதிகளாக வகுத்தார். இன்றும் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறோம். வலி பற்றிய பேச்சில் மேலடுக்குகளான முதலாம், இரண்டாம் அடுக்குகளும், ஆழத்திலுள்ள ஐந்தாம் அடுக்கும் முக்கியமானவை. இரண்டாம் அடுக்குக்கு அதற்கும் முந்தைய பெயர் ஒன்று உண்டு: 1824-இல் இத்தாலியரான ரொலாண்டோ அதைக் கூழ் போன்ற பொருள் என்று குறித்தார். அங்கே மயலின் உறை மிகக் குறைவாக இருப்பதால், வெட்டிப் பார்த்தால் அந்தப் பட்டை உண்மையிலேயே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவித் தெரியும். ஏ-டெல்டா வலி இழைகள் முதலாம் அடுக்கிலும் ஐந்தாம் அடுக்கிலும் முடிகின்றன. சி இழைகளில் பெப்டைடு எனும் சிறு புரதத் துணுக்குகளைச் சுமப்பவை முதலாம் அடுக்கிலும் இரண்டாம் அடுக்கின் வெளிப்பாதியிலும் முடிகின்றன. அவற்றைச் சுமக்காதவை இரண்டாம் அடுக்கின் உட்பாதியில் முடிகின்றன. மிக மெல்லிய பட்டைகளுக்குள் இவ்வளவு ஒழுங்காக அவை பிரிந்து குடியேறுவது, இந்தத் துறையில் எத்தனை ஆண்டு இருந்தாலும் வியப்பைத் தரும்.

இழை முடியும் இடத்தை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அது ஒரு முனையில் போய் முட்டி நிற்பதில்லை. கொடியில் கோத்த மணிகள்போல் வழிநெடுக வீங்கி வீங்கிச் செல்கிறது. ஒவ்வொரு வீக்கமும் ஒரு சினாப்ஸ், அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் முகப்பு. அந்தச் சொல்லை 1897-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஆங்கில உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன்; ஊறு உணர்விக்கு, அதாவது உடலுக்குக் கேடு தரும் தூண்டலை உணரும் நரம்பு முனைக்கு, இன்று உலகெங்கும் வழங்கும் அறிவியல் பெயரையும் 1906-இல் அவரே தந்தார். இரண்டாம் அடுக்கின் உட்பாதியில் சில வீக்கங்கள் பெரிதாகி, பூவின் நடுவில் உள்ள மொட்டுப்போல் உட்கார்ந்திருக்க, அவற்றைச் சுற்றிப் பல நரம்பணுக்களின் டென்ட்ரைட் எனும் செய்தி வாங்கும் கிளைகள் இதழ்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வீக்கம் தன் வேதிப்பொருளைக் கொட்டினால் ஒரே நேரத்தில் பல நரம்பணுக்கள் செய்தி பெறுகின்றன. அந்த இதழ்களில் சில செய்தியைப் பெறுவதோடு நில்லாமல், மொட்டை நோக்கித் திருப்பித் தடைப்பொருளைக் கொட்டவும் செய்கின்றன. கொடுப்பவனின் கையை வாங்குபவன் பிடித்து நிறுத்தக்கூடிய ஏற்பாடு, இணைப்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

இழை வழியே வந்த மின்துடிப்பு வீக்கத்தை அடைந்ததும், அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய, வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு கலந்து தம் சரக்கை 20 நானோமீட்டர் அளவுள்ள இடைவெளியில் கொட்டுகின்றன. எல்லா வலி இழைகளுக்கும் பொதுவான சரக்கு குளூட்டமேட். அது எதிர்ப்பக்கத்திலுள்ள ஆம்ப்பா ஏற்பிகளை, அதாவது வேதிப்பொருளை வாங்கித் திறக்கும் புரதங்களை, திறக்கிறது; சில மில்லிவினாடியில் தோன்றி மறையும் மின் எழுச்சி ஒன்று உண்டாகிறது. மெல்லிய குத்தலுக்கு இதுவே போதும். பக்கத்திலேயே என்எம்டிஏ ஏற்பி என்று இன்னொன்று இருக்கிறது. அமைதி நிலையில் அதன் துளையை ஒரு மக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து தட்டினாலும் வழி கிடைக்காது. எதிர் நரம்பணு ஏற்கெனவே போதிய அளவு தூண்டப்பட்டிருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். ‘இது ஒற்றைக் குத்தலா, விடாத தாக்குதலா’ என்ற கணக்கு நடப்பது பெரிதும் இந்த மூலக்கூறில்தான்.

விடாத தாக்குதல் என்றால் மற்றொரு சரக்கும் வெளியே வருகிறது. பெப்டைடு சுமக்கும் சி இழைகளில் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள் தனிப் பைகளில் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. இழை அடுத்தடுத்துத் துடித்தால்தான் அது வெளியாகும். இந்தப் பொருளை 1931-இல் வான் ஆய்லர், கேடம் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். அது 11 அமினோ அமிலங்களால் ஆனது என்று தெரிய 1971 வரை ஆயிற்று. குளூட்டமேட்போல் வந்த இடத்திலேயே உறிஞ்சப்படாமல் இது பரவிச் சென்று, சற்றுத் தள்ளியிருக்கும் நரம்பணுக்களின் என்கே1 ஏற்பிகளையும் எட்டுகிறது. அதன் விளைவு பல வினாடி நீடிக்கிறது. இங்கே ஒரு தோல்விக் கதையையும் சொல்லியாக வேண்டும். வலியைக் கடத்தும் பொருளே இதுதான் என்ற நம்பிக்கையில் என்கே1 ஏற்பியை அடைக்கும் மருந்துகள் உருவாக்கப்பட்டன. விலங்குகளில் பலன் தெரிந்தது, மனிதரின் வலியில் அவை சோபிக்கவில்லை. அந்த வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் இன்று புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது. ஒரு பொருளை அடைத்தால் வலி நின்றுவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த நிகழ்வை நான் தவறாமல் நினைவூட்டுவதுண்டு.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது யார்? வலி இழை ஒரு நரம்பணுவைத் தொடுகிறது, அந்த நரம்பணு குறுக்கே கடந்து மூளைக்கு ஏறுகிறது என்றுதான் பெரும்பாலான படங்கள் காட்டுகின்றன. அது பொய்யில்லை, ஆனால் சிறுபான்மை உண்மை. பின்புறக் கொம்பின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை இடைநரம்பணுக்கள். அவை தண்டுவடத்தை விட்டு வெளியே போவதே இல்லை. இரண்டாம் அடுக்கு ஏறக்குறைய முழுவதும் இவர்கள் குடியிருப்புதான். அவற்றில் குளூட்டமேட் கொட்டித் தூண்டுபவை அதிகம்; காபா, கிளைசீன் ஆகியவற்றைக் கொட்டித் தடுப்பவை குறைவு, ஆனால் செல்வாக்கு மிகுந்தவை. மூளைக்குச் செய்தி ஏற்றும் நரம்பணுக்கள் முதலாம் அடுக்கிலும் ஐந்தாம் அடுக்கிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. முதலாம் அடுக்கில் இருப்பவற்றில் பல, ஊறு தரும் தூண்டலுக்கு மட்டுமே எழுபவை. ஐந்தாம் அடுக்கில் இருப்பவை தொட்டாலும் எழும், அழுத்தினாலும் எழும், குத்தினால் இன்னும் பலமாக எழும். அவை மேலடுக்குகளை நோக்கித் தம் டென்ட்ரைட்டுகளை நீட்டி, நேரடியாகவும் இடைநரம்பணுக்கள் மூலமாகவும் வருவதையெல்லாம் கூட்டிக் கணக்கிடுகின்றன. இந்த ஏற்று நரம்பணுக்களில் பெரும்பாலானவற்றின் இழை அதே பிரிவிலோ ஓரிரு பிரிவு மேலேயோ எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் முன்பக்கவாட்டு வெண்பகுதி வழியே, மூளையின் உணர்வுச் சந்திப்பான தலாமசுக்கும் மூளைத்தண்டுக்கும் ஏறுகிறது. சூடு பட்ட கையை உணர்வதற்கு முன்பே இழுத்துக்கொள்வதும் இந்த இடைநரம்பணுக்களின் வேலைதான். அவை முன்புறக் கொம்பிலுள்ள தசை நரம்பணுக்களுக்கு நேரே ஆணை அனுப்பிவிடுகின்றன.

ஐந்தாம் அடுக்கின் கூட்டுக் கணக்கில் ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. இதயத்திலிருந்து வரும் வலி இழைகளும், மார்பு, இடக்கையின் உட்புறம் ஆகியவற்றின் தோலிலிருந்து வரும் இழைகளும் மேல்மார்புப் பிரிவுகளில் ஒரே நரம்பணுக்களின்மேல் வந்து முடிகின்றன. மேலே இருக்கும் மூளைக்கு எந்த இழை தட்டியது என்று பிரித்தறிய வழியில்லை. தோலிலிருந்தே செய்தி பெற்றுப் பழகிய மூளை, மாரடைப்பின் வலியையும் கையில் வலிப்பதாகப் படித்துக்கொள்கிறது.

இடித்த முழங்காலை யாரும் சொல்லித்தராமலே தேய்த்துக்கொள்கிறோமே, அதற்கான விளக்கமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தேய்க்கும்போது ஏ-பீட்டா இழைகள் எழுகின்றன. அவற்றின் கிளைகள் தடுக்கும் இடைநரம்பணுக்களைத் தூண்டுகின்றன. அவை வலிப் பாதையின் நரம்பணுக்களையும், சில இடங்களில் வந்திறங்கும் இழை முனைகளையுமே அடக்குகின்றன. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட வாயிற்கதவுக் கொள்கையின் கரு இதுதான். அவர்கள் வரைந்த சுற்றின் எல்லாக் கோடுகளும் நிலைக்கவில்லை. மெல்லிய இழைகள் தடுப்பு நரம்பணுக்களை அடக்கும் என்று அவர்கள் காட்டிய பகுதி பின்னாளில் ஆதாரம் பெறவில்லை. ஆனால் தண்டுவடத்திலேயே வலி திருத்தப்படுகிறது என்ற அடிப்படை நிலைத்தது. அதற்கு மறுபக்கமும் உண்டு. தொடுவுணர்வு இழைகளிலிருந்து மேலடுக்கின் வலி நரம்பணுக்களுக்குப் போகும் மறைவான பாதை ஒன்று உள்ளது. நல்ல நிலையில் கிளைசீன் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. நரம்புக் காயத்துக்குப் பிறகு அந்தத் தடுப்பு தளர்ந்தால், சட்டைத் துணி உரசுவதே வலியாக மாறிவிடும். அக்கி வந்து ஆறிய இடத்தில் போர்வை படவிடாமல் துடிக்கிறவர்கள் மிகைப்படுத்துவதில்லை. அவர்களது தண்டுவடத்தில் தொடுதலே வலிப்பாதையில் புகுந்துவிட்டிருக்கக்கூடும்.

வலியைத் திருத்த மூளையும் மேலிருந்து கை நீட்டுகிறது. நடுமூளையின் சாம்பல் நிறப் பகுதியிலிருந்து முகுளம் வழியே இறங்கும் இழைகள் செரட்டோனினையும், மூளைத்தண்டின் வேறு பகுதிகளிலிருந்து வருபவை நார்அட்ரினலினையும் பின்புறக் கொம்பில் கொட்டுகின்றன. அங்குள்ள சில இடைநரம்பணுக்கள் உடலின் சொந்த அபினான என்கெபலினை வெளியிடுகின்றன. மார்ஃபீன் அந்த என்கெபலினுக்குரிய ஏற்பிகளிலேயே அமர்ந்து, சினாப்சின் இரு கரைகளிலும் வேலை செய்கிறது: இக்கரையில் கால்சியம் நுழைவதைக் குறைத்துச் சரக்கு கொட்டுவதைத் தடுக்கிறது, அக்கரையில் பொட்டாசியத்தை வெளியேற விட்டு எதிர் நரம்பணுவை மந்தமாக்குகிறது. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் மிகச் சிறிய அளவு மார்ஃபீனைச் செலுத்தினாலே நீண்ட நேரம் வலி தணிவது இதனால்தான். கபாபென்டின் எனும் நரம்புவலி மருந்து அதே கால்சியம் கால்வாயின் துணை அலகு ஒன்றைப் பற்றுகிறது. கடல் கூம்பு நத்தை ஒன்றின் நஞ்சை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட சிகோனோடைடு அந்தக் கால்வாயையே அடைத்துவிடுகிறது. 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தையும் தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும்.

இந்த இணைப்பின் பலம் நிலையானதும் அன்று. 1960-களின் நடுவில் லோர்ன் மெண்டெல், சி இழைகளை ஓரிரு வினாடிக்கு ஒரு முறை ஒரே அளவில் தூண்டியபோது, எதிர் நரம்பணுவின் விடை ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போவதைக் கண்டார். தூண்டல் ஏறவில்லை, விடைதான் ஏறியது. மக்னீசிய அடைப்பு விலகுவதும், சப்ஸ்டன்ஸ் பியின் மெதுவான விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் இதற்குக் காரணம். 1983-இல் கிளிஃபர்டு வூல்ஃப், காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்களே நீண்ட நேரம் கூர்மையடைந்து நிற்பதை எலிகளில் காட்டினார். நரம்பணுவுக்குள் புகுந்த கால்சியம் நொதிகளை எழுப்புகிறது. ஆம்ப்பா ஏற்பிகள் எண்ணிக்கையிலும் திறனிலும் கூடுகின்றன. முன்பு செவிமடுக்காத மெல்லிய செய்திகளுக்கும் நரம்பணு எழத் தொடங்குகிறது. வெந்நீர் பட்ட இடத்தைச் சுற்றி, வேகாத தோலும் தொட்டால் வலிப்பதற்குக் காரணம் இது. அந்தத் தோலில் கோளாறு ஒன்றும் இல்லை; அதன் செய்தியை வாங்கும் நரம்பணுதான் மாறியிருக்கிறது.

இப்போது மூன்றாவது கேள்வி. பின்வேரை வெட்டினால் வலி தீருமா? ஒரு வேரை மட்டும் வெட்டினால் பெரும்பாலும் தோலில் மரத்த இடமே தெளிவாகத் தெரியாது. அண்டை வேர்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை ஷெரிங்டன் குரங்குகளில் காட்டியிருக்கிறார். லிஸ்ஸாவர் பாதையில் மேலும் கீழும் ஓடும் கிளைகளும் அண்டைப் பிரிவுகளிலிருந்து உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். பல வேர்களை வெட்டினால் தோல் மரக்கும், ஆனால் வலி திரும்பிவரலாம். இதற்கு மிகக் கொடிய சான்று மோட்டார் சைக்கிள் விபத்துகளில் கிடைக்கிறது. தோள்பட்டை வெடுக்கென்று இழுபட்டு, கைக்குரிய வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டுவிடுவதுண்டு. கையிலிருந்து அந்த வேர்கள் வழியே ஒரு செய்திகூட இனித் தண்டுவடத்தை எட்ட முடியாது. இருந்தும் அப்படி அடிபட்டவர்களில் பலர், அசைவற்று மரத்துத் தொங்கும் அந்தக் கை நெருப்பில் கிடப்பதுபோல் எரிவதாகவும், இடையிடையே மின்னல் வெட்டுவதாகவும் சொல்கிறார்கள். இழையை இழந்த பின்புறக் கொம்பு நரம்பணுக்கள் யாரும் தட்டாமலே தாமாகத் துடிக்கத் தொடங்குவதே இதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். 1970-களில் தொடங்கிய அறுவை முறை ஒன்று, மருந்துக்கு அடங்காத இத்தகைய வலிக்கு இன்றும் கையாளப்படுகிறது. அதில் அறுவை மருத்துவர் தேடுவது நரம்பையன்று, வேரையுமன்று. வேர் நுழைந்த தழும்பின் ஓரமாக மெல்லிய மின்முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி, ரெக்செட் வகுத்த அந்த மேலடுக்குகளையே புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்.